அனைவரும் வந்த வியாழக்கிழமை

நான் பார்த்த அதிசயங்கள் மொத்தம் மூன்று. முதலாவது, நான் சொன்ன ஒரு விஷயத்தை என் மனைவி ஒரே தடவையில் நம்பியது. இரண்டாவதை வெளியே சொல்லக் கூடாது என்று அவளே தடை போட்டிருக்கிறாள். மூன்றாவது, எங்கள் அலுவலகத்தின் ஆறாவது மாடியில் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நடந்தது. அதை எழுதிவிடுகிறேன். நம்புகிறவர்கள் நம்பலாம், மற்றவர்கள் என் மனைவியோடு சேர்ந்துகொள்ளலாம்.

எங்களுடையது தண்ணீர் மீட்டர் செய்கிற கம்பெனி. வீட்டுச் சுவரோரம் குழாயைக் கட்டிக்கொண்டு, யாரும் பார்க்காதபோது மெதுவாகவும் பார்க்கும்போது வேகமாகவும் சுற்றுமே, அந்தச் சாமான்தான். தொழிற்சாலை வேறெங்கோ இருந்தது. தலைமை அலுவலகம் ஆறு மாடி, முந்நூற்று நாற்பது பேர். நான் கீழ்த்தளத்தில் ஆவண அறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தொன்பது வருஷத்தில் என் அறைக்கு வந்த ஒரு ஃபைல்கூடத் தொலைந்ததில்லை. கேட்டு யாரும் வராததுதான் காரணம் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள்.

எனக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது, ஆவண அறை ஆட்களும் கம்ப்யூட்டர் பழக வேண்டும் என்று மேலிடத்தில் முடிவு செய்து, அலுவலக உதவியாளர் பயிற்சி வகுப்பில் என்னையும் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். ஆறு வாரம். இரண்டாவது மாடியில் முன்பு ஸ்டேஷனரி சாமான்கள் அடுக்கியிருந்த அறை. ஆறு மேஜை, ஆறு கம்ப்யூட்டர், பாதி மூடின ஒரு ஜன்னல். வேலைக்குத் தேர்வாகி வந்த ஐந்து பெண்கள், ஒரு கிழவன். அந்த ஐந்து பேரில் ஒருத்தி என் மனைவியின் தங்கை, அதாவது என் கொழுந்தியாள். எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாள்.

அவளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷம் ஃபோன் எடுத்தவள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே இருக்கும் மணியை அழுத்தினால் இவள் குரல்தான் கேட்கும். மெக்கானிக் வந்து சேரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். ஒரு முறை நாலு மணி நேரம் மாட்டிக்கொண்ட ஒரு மனுஷர், கதவைத் திறந்த பிறகும், "கொஞ்சம் இருங்க, பேசிக்கிட்டிருக்கேன்" என்று வெளியே வர மறுத்துவிட்டார். மெக்கானிக் அரை மணி நேரம் வாசலில் காத்திருந்துவிட்டு, திரும்பவும் கதவைச் சாத்திவிட்டுப் போனாராம். அப்பேர்ப்பட்ட குரல்.

அந்தக் கம்பெனியை ஒரு நாள் இழுத்து மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் வேலை தேடினாள். போன இடத்திலெல்லாம் ஃபோனில் குரலைக் கேட்டு உள்ளே கூப்பிட்டார்கள், நேரில் வயதைக் கேட்டு வெளியே அனுப்பினார்கள். எங்கள் கம்பெனியில் உதவியாளர் வேலைக்கு வயது வரம்பு நாற்பத்தைந்து. அடுத்த மாதம் அவளுக்கு நாற்பத்தாறு. பயிற்சி முடிந்து சான்றிதழில் கையெழுத்து விழுந்தால் ஆறாவது மாடியில், இயக்குநர் அறை வாசலில் மேஜை. விழாவிட்டால் கதவு சாத்தியாயிற்று. அப்புறம் எங்கள் வீட்டில் என் மனைவியின் வாய்க்கும் வசவுக்கும் நடுவில் மீதிக் காலத்தைக் கழிக்க வேண்டும். அதை நான் என் விரோதிக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கையெழுத்துப் போட வேண்டியவர் பயிற்சியம்மா. அவர் உருவம் சிறிசு. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் எட்டாது. ஆனால் முப்பத்தைந்து வருஷம் அந்த ஆறாவது மாடி வாசலில் உட்கார்ந்து ஏழு இயக்குநர்களை வளர்த்து ஆளாக்கியவர். எங்களுக்கு முதுகைக் காட்டி ஜன்னலைப் பார்த்து நிற்பார். ஆறு பேரும் தட்டச்சு செய்துகொண்டிருப்போம். திடீரென்று, "மூணாவது மேஜை, அஞ்சாவது வரி, ஒரு எழுத்து விட்டுப்போச்சு" என்பார். போய்ப் பார்த்தால் விட்டுப்போயிருக்கும். விசைகளின் சத்தத்தை வைத்தே கடிதத்தைப் படித்துவிடுவார். ஒரு முறை, "ஆறாவது மேஜை, அது கடிதமே இல்ல, உங்க வீட்டுக்கு வாங்க வேண்டிய சாமான் லிஸ்ட்" என்றார். ஆறாவது மேஜை என்னுடையது.

முன்பிருந்த இயக்குநர் ஒருவர் மூன்று வாரம் வெளியூர் போனபோது, அவர் போனதே யாருக்கும் தெரியாதாம். கடிதங்களுக்கு அவர் பாணியிலேயே பதில் போய்க்கொண்டிருந்தது. அவர் திரும்பி வந்து அந்தப் பதில்களையெல்லாம் உட்கார்ந்து படித்து, தன் அபிப்பிராயங்கள் என்னென்ன என்று தெரிந்துகொண்டாராம். இதைப் பயிற்சியம்மா பெருமையாகச் சொல்லவில்லை. வானிலை சொல்வது மாதிரி சொன்னார்.

முதல் மூன்று வாரத்தில் அவர் சொல்லிக்கொடுத்ததைப் பட்டியல் போட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். ஃபோனை எடுக்கும் முன் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். "சார் இல்லை" என்பதை, பொய் சொல்லாமல், பதினோரு விதமாகச் சொல்லத் தெரிய வேண்டும். ஒரு ஃபைலை உள்ளே வைக்கும்போதே அதை அவசரத்தில் தேடப்போகிறவன் எந்தப் பெயரைச் சொல்லித் தேடுவான் என்று யோசித்து வைக்க வேண்டும். இருபத்தொன்பது வருஷம் ஃபைல் வைத்தவன் நான். தேடுகிறவன் என்று ஒருவன் இருப்பான் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

நாலாவது வாரம், செவ்வாய்க்கிழமை, காலண்டர் பாடம். கம்ப்யூட்டரில் ஒரு கூட்டத்துக்கு நாள் குறித்து, ஆட்களுக்கு அழைப்பு அனுப்பிப் பழக வேண்டும். பயிற்சிக்கென்று தனிக் கணக்கு கேட்டு பயிற்சியம்மா எழுதியிருந்தார். கொடுக்கலாமா என்று கம்ப்யூட்டர் பிரிவு ஐந்து மாதமாக யோசித்துக்கொண்டிருந்தது. அதனால் இயக்குநர் அலுவலகத்துக்கென்று தன்னிடம் இருந்த கணக்கையே எங்களுக்குத் திறந்துவிட்டார்.

"வகுப்புல இருக்கற ஆறு பேருக்கு மட்டும் ஒரு அழைப்பு அனுப்புங்க. தலைப்பு 'கூட்டம்'னு போதும். வியாழன் பத்து மணி. ஆறாவது மாடி பெரிய அறை."

யாருக்கு என்ற இடத்தில் தொட்டால் ஒரு பட்டியல் விரியும். எங்கள் வகுப்பின் பெயர் அதில் கீழே எங்கோ இருந்தது. முதல் வரியில் இருந்தது 'அனைவரும்'. என் கொழுந்தியாள் பத்து மணி, பெரிய அறை, தலைப்பு எல்லாம் சுத்தமாகப் போட்டாள். கடைசியில் விரல் முதல் வரியில் விழுந்தது. அழுத்திவிட்டாள்.

நாலு நிமிஷத்தில் முந்நூற்று பதினெட்டு பேர் வருகிறேன் என்று பதில் போட்டார்கள். ஏன், எதற்கு என்று ஒரு பிறவி கேட்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் இயக்குநர் அறையிலிருந்து அழைப்பு வந்தால் முதலில் சம்மதிப்பார்கள், அப்புறம் தேதி பார்ப்பார்கள், என்ன விஷயம் என்பதை அறைக்குள் உட்கார்ந்த பிறகுதான் பக்கத்தில் இருப்பவரிடம் விசாரிப்பார்கள்.

கொழுந்தியாள் என் பக்கம் திரும்பினாள்.

"அத்தான், எல்லாருக்கும் போயிடுச்சு."

"எல்லாருக்கும்னா?"

"எல்லாருக்கும்னா எல்லாருக்கும்தான். உங்களுக்கு வேற ரெண்டு தடவை போயிருக்கு."

பயிற்சியம்மா முதுகு காட்டி நின்றபடியே, "நாலாவது மேஜை, என்ன ஆச்சு?" என்றார். அவள் எழுந்து நின்று ஒன்றும் மறைக்காமல் சொன்னாள்.

"ரத்து பண்ணணும்னா காரணம் எழுதணும். என்ன எழுதுவே?"

"நான் தப்பா அனுப்பிட்டேன்னு எழுதறேன்மா."

"எழுது."

பாதி எழுதியிருப்பாள். பயிற்சியம்மாவின் மேஜையில் ஃபோன் அடித்தது. இயக்குநர். அவருக்கு உருவம் பெரிது, குரல் சிறிது. ஆனால் அந்த அறையின் அமைதியில் எங்களுக்கும் கேட்டது.

"வியாழக்கிழமை கூட்டம் வெச்சிருக்கேன், பார்த்தீங்களா? ரெண்டு வருஷமா எல்லாரையும் ஒரு நாள் கூப்பிடணும் கூப்பிடணும்னு இருந்தேன். நல்லவேளை, மறக்காம கூப்பிட்டுட்டேன். என்னென்ன பேசப்போறேன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடுங்க."

பயிற்சியம்மா, "சரி சார்" என்று வைத்துவிட்டு, முப்பத்தைந்து வருஷத்தில் முதல் முறையாக, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"இப்ப சொன்னா உன்னை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. கணக்கைத் திறந்துவிட்ட என்னையும் சேர்த்துத்தான். சொல்லாம ரத்து பண்ணினா, அவர் ரத்து பண்ணினதா ஆகும். அவர் பண்ணலையே." ஃபோனைத் தள்ளி வைத்தார். "கூப்பிட்டது நீ. வர்றவங்க வெறும் கையோட திரும்பிப் போகக் கூடாது. நடத்து. வியாழக்கிழமை சாயங்காலம் உன் சர்டிஃபிகேட்டைக் கையில எடுக்கறேன். கையெழுத்து போடறதா, கிழிக்கறதான்னு அப்ப பார்க்கலாம்."

சாயங்காலம் விஷயம் எங்கள் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. நான்தான் சொன்னேன், வயிற்றில் எதுவும் தங்காது எனக்கு.

"முந்நூத்தி நாப்பது பேரா?" என்றாள் என் மனைவி. "ஏன்டி, உன் கல்யாணத்துக்கே நூத்திப்பத்துப் பேர்தானடி வந்தாங்க!"

"அதுக்கு நீதான் பத்திரிகை எழுதினே, அக்கா. முகவரி எல்லாம் தப்பு."

"பார்த்தீங்களா அவ வாயை? வேலை போகப்போகுது, வாய் மட்டும் போகல."

"போகாது" என்றாள் கொழுந்தியாள். "அதை வெச்சுத்தான் நாளைக்கு வேலை."

புதன்கிழமை காலை எட்டரைக்கே போய் உட்கார்ந்துவிட்டாள். பயிற்சியம்மாவிடம் கேட்டது இரண்டே இரண்டு. ஒரு ஃபோன், ஆறு மாடியிலும் மேலதிகாரிகளின் வாசலில் உட்கார்ந்திருக்கும் உதவியாளர்களின் பெயர்ப் பட்டியல். முப்பத்தொரு பேர். ஒவ்வொருவரையும் கூப்பிட்டாள். லிஃப்ட் கம்பெனியில் மாட்டிக்கொண்டவர்களிடம் கேட்பாளாம்: எந்த மாடிக்கு நடுவில் நிற்கிறது, உள்ளே எத்தனை பேர், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று. அதையேதான் கேட்டாள்.

"உங்க சார்கிட்ட நகராம நிக்கற வேலை எது? அதுக்குள்ள யார் யார் மாட்டியிருக்காங்க? யார் அசைஞ்சா அது அசையும்?"

முதலில் தயங்கினார்கள். அப்புறம் அந்தக் குரல் வேலை செய்தது. நாலாவது மாடியில் ஒரு உதவியாளர் ஃபோனிலேயே அழுதுவிட்டார். ஒரு கடிதத்தை எட்டு மாதமாக மேஜையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தவர் அவர். யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அங்கேதான் என் கண் திறந்தது. அதிகாரிகளைக் கேட்டிருந்தால் எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது என்றிருப்பார்கள். எது எங்கே நிற்கிறது என்று அந்த முப்பத்தொரு பேருக்கு, தேதியோடு, பழைய ஃபைல் எண்ணோடு, மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. ஒரு கட்டிடத்தின் குழாயெல்லாம் எங்கே அடைத்திருக்கிறது என்று தெரிந்தவர்கள் வாசலிலேயே உட்கார்ந்திருக்க, உள்ளே இருப்பவர்கள் தாகத்தோடு இருந்த மாதிரி.

"அத்தான், கீழேர்ந்து ஃபைல் வேணும்" என்று எண்களைச் சொன்னாள். நாற்பத்தொன்று. என் வாழ்க்கையில் முதல் முறையாக என்னிடம் ஃபைல் கேட்கப்பட்டது. பதினாலு நடை நடந்தேன். இருபது வருஷமாக வெளிச்சம் பார்க்காத ஒரு ஃபைல், படியேறும்போது என் கையில் தும்மியது. அது தும்மியதா நான் தும்மினேனா என்று பிற்பாடு சந்தேகம் வந்தது. இரண்டு தும்மல் கேட்டதால் அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தை ஒட்டி, சுவர் அகலத்துக்குப் படம் போட்டாள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு புள்ளி. யார் யாருக்காகக் காத்திருக்கிறார்களோ அவர்கள் பக்கம் ஒரு கோடு. மத்தியானம் மூன்று மணிக்குத் தூரத்தில் நின்று பார்த்தேன். கோடுகள் எல்லாம் சுற்றிக்கொண்டு, புறப்பட்ட புள்ளிக்கே திரும்பி வந்திருந்தன.

புது மாதிரி மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். வடிவமைப்புப் பிரிவு, கொள்முதல் பிரிவு ஒரு ரப்பர் வாஷர் வாங்கித் தரட்டும் என்று காத்திருந்தது. எத்தனை வேண்டும் என்று விற்பனைப் பிரிவு சொல்லட்டும் என்று கொள்முதல் காத்திருந்தது. வாடிக்கையாளர்களிடம் காட்ட ஒரு படம் வேண்டும், அதை வடிவமைப்பு தரட்டும் என்று விற்பனை காத்திருந்தது. வாஷர் இல்லாமல் படம் எடுக்க முடியாது. எட்டு மாதம். ஒருவர்மேல் ஒருவருக்குக் கோபம்கூட இல்லை. மரியாதையாகக் காத்திருந்தார்கள். சுவர் முழுக்க இப்படி வட்டங்கள். முந்நூற்று நாற்பது பேரும் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி நின்று, முன்னால் இருப்பவர் நகரட்டும் என்று நிற்கிற மாதிரி இருந்தது. நான் இருபத்தொன்பது வருஷம் அதன் அடியில் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியவில்லை.

பயிற்சியம்மா வந்து அந்தப் படத்தின் முன் நின்றார். எக்கிப் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறியும் பார்த்தார். இறங்கிப் போய்விட்டார். போகும்போது செருப்பை மறந்துவிட்டுப் போனார்.

பெரிய அறையில் அறுபது நாற்காலி இருந்தது. கொழுந்தியாள் ஒன்றே ஒன்றை விட்டுவிட்டு மீதி எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொன்னாள். "உக்காந்தா சாஞ்சுடுவாங்க" என்றாள். தரையில் டேப் ஒட்டி எண் போட்டோம், முந்நூற்றுச் சொச்சம். வகுப்பின் மற்ற நாலு பெண்களும் முழங்கால் தேய ஒட்டினார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சீட்டு. அதில் ஒரு எண், அதன் கீழே ஒரே ஒரு கேள்வி.

வியாழக்கிழமை வந்தது. ஒன்பதே முக்காலுக்கு வாசலில் நின்று சீட்டுக் கொடுத்தேன். மூன்று பேர் விடுப்பு. மற்ற எல்லாரும் வந்தார்கள். "என்னங்க விஷயம்?" என்று என்னிடம் கேட்டார்கள். "உள்ள போனா தெரியும்" என்றேன். ஆபீஸ் பாஷையில் அது முழுமையான பதில்.

அத்தனை பேர் பாரம் தாங்காமல் கட்டிடம் ஒரு விரற்கடை மேற்கே சாய்ந்தது. இன்றைக்கும் அந்த மாடியில் பென்சிலைக் கீழே போட்டால் மேற்குப் பக்கம்தான் உருளும். வேண்டுமானால் போய்ப் போட்டுப் பாருங்கள்.

எண் பார்த்து நின்றார்கள். நின்று நிமிர்ந்தார்கள். அப்போதுதான் அது நடந்தது. ஒவ்வொருவருக்கும் நேர் எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், அவர் யாருக்காகக் காத்திருந்தாரோ அந்த ஆள் நின்றுகொண்டிருந்தார். வட்டங்கள் எல்லாம் வட்டமாகவே நின்றன, ஆனால் முகம் பார்த்து. முந்நூற்றுச் சொச்சம் பேர் இருந்த அறையில் சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. அந்தக் கடிகாரம் மூன்று வருஷமாக ஓடவில்லை என்பது வேறு விஷயம்.

இயக்குநர் அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து, தன் பேப்பரைப் பார்த்தார். அதில் ஒரு வரிதான் எழுதியிருந்தது. அதை வாசித்தார்:

"உங்க சீட்டுல இருக்கற கேள்விய எதிர்ல இருக்கறவங்ககிட்ட கேளுங்க."

கொள்முதல் அதிகாரி விற்பனை அதிகாரியைப் பார்த்து, "எத்தனை வாஷர் வேணும்?" என்றார்.

"ஆயிரம் போதும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதை எட்டு மாசம் முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க கேக்கவே இல்லையே!"

அந்த வாக்கியத்தை அன்றைக்கு அந்த அறையில் நான் எத்தனை வாயிலிருந்து கேட்டேன் என்று எண்ணவில்லை. மழை பிடிக்கிற மாதிரி, அங்கொன்று இங்கொன்றாக ஆரம்பித்து, பிறகு அறை முழுவதும் ஒரே இரைச்சலாகக் கொட்டியது. இரண்டு கிழட்டு அதிகாரிகள் கை குலுக்கிக்கொண்டு விடவே மாட்டேன் என்றார்கள். முப்பத்தொரு உதவியாளர்களும் சுவரோரம் நின்று, தங்கள் தங்கள் கடிதம் முடிவதைப் பார்த்தார்கள். எட்டு மாதம் கடிதத்தை நகர்த்திய அந்த நாலாவது மாடி அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

நடுவில் என் கொழுந்தியாள். கையில் ஒரு நோட்டு, ஒரு பேனா. எந்த வட்டத்தில் பேச்சு முடிகிறதோ அங்கே அவள் இருந்தாள். யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று எழுதி, அவர்களுக்கே வாசித்துக் காட்டி, அடுத்த வட்டத்துக்கு நகர்ந்தாள். ஒரே சமயத்தில் அறையின் இரண்டு மூலையிலும் அவளை நான் பார்த்தேன். இதைச் சொன்னபோது என் மனைவி கண்ணாடியை மாற்றச் சொன்னாள். மாற்றினேன். புதுக் கண்ணாடியோடு யோசித்துப் பார்த்தாலும் இரண்டு மூலையிலும்தான் இருந்தாள்.

நாற்பத்தேழு நிமிஷம். நாற்பத்தொரு விஷயத்தில் முப்பத்தொன்பது முடிந்தது. பயிற்சிக்கான கணக்கைப் பற்றி இன்னும் யோசிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் பிரிவு சொல்லிவிட்டது. கடிகாரம் யாருடைய பொறுப்பு என்பதும் தெரியவில்லை.

மாலை நாலு மணிக்கு நடவடிக்கைக் குறிப்பைத் தட்டச்சு செய்து, இயக்குநரின் கையெழுத்துக்காக எடுத்துக்கொண்டு போனாள். பயிற்சியம்மா கூடப் போனார், சான்றிதழ் உறையோடு. ஃபைல்களைத் திரும்ப எடுத்துவரும் சாக்கில் நானும் போனேன்.

இயக்குநர் சந்தோஷத்தில் இருந்தார். "எல்லாருக்கும் அனுப்பிடுங்க. நான் கூட்டின கூட்டத்துலயே இதுதான்..." என்று பேனாவை எடுத்தவர், முதல் வரியில் நின்றுவிட்டார். வாய்விட்டுப் படித்தார்.

"'கூட்டத்தை அழைத்தவர்: பயிற்சி மாணவி, தவறுதலாக.' இது என்ன?"



"அதுதான் சார் நடந்தது" என்றாள் கொழுந்தியாள். லிஃப்டில் மாட்டியவர்களிடம் பேசும் அதே குரல். "காலண்டர் பாடத்துல வகுப்புக்கு அனுப்பவேண்டியது. எல்லாருக்கும் அனுப்பிட்டேன்."

"நான் கூட்டலையா?"

"இல்ல சார்."

"எனக்கு ஞாபகம் இருக்கே!"

"கூட்டணும்னு நினைச்சது ஞாபகம் இருக்கும் சார். அது நிஜமாவே இருக்கலாம்."

"யார் கணக்குலேர்ந்து போச்சு?"

"என் கணக்கு சார்" என்றார் பயிற்சியம்மா. "நான்தான் திறந்துவிட்டேன்."

இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார். "இத இப்படியே அனுப்பினா கட்டிடமே என்னைப் பார்த்து சிரிக்கும். என் பேரைப் போட்டு வேற அடிச்சுட்டு வா. முடிஞ்சுது. உனக்கும் நல்லது."

நானாக இருந்தால் அவர் வாக்கியத்தை முடிக்கும் முன்பே அடித்துக் கொண்டுவந்திருப்பேன். வேண்டுமானால் அவர் பெயரை இரண்டு தடவை போட்டிருப்பேன். அவள் நின்றாள். நாற்பத்தாறு வயதுக்கு மூன்று வாரம்.

"அடிச்சுத் தர்றேன் சார். ஆனா ஒண்ணு. இதுல முப்பத்தொம்போது பேர் தேதி குடுத்திருக்காங்க. நாளைக்கு ஒருத்தர் தேதி தவறினா, இந்தக் குறிப்பைக் காட்டித்தான் கேக்கணும். முதல் வரி பொய்னா, மீதி முப்பத்தொம்போதையும் எப்படி சார் நம்பச் சொல்றது? வகுப்புல இருந்த ஆறு பேருக்கும் உண்மை தெரியும். அதுல எங்க அத்தான் ஒருத்தர்."

இயக்குநர் என்னைப் பார்த்தார். என் வாயின் கீர்த்தி ஆறாவது மாடிவரை எட்டியிருந்தது. அவர் முகத்தில் அது தெரிந்தது.

குறிப்பை எடுத்து ஒரு பக்கம் திருப்பினார், இன்னொரு பக்கம் திருப்பினார். முப்பத்தொன்பதையும் படித்தார். "நாலு வருஷமா மாசம் நாலு கூட்டம் போடறேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "ஒண்ணுலயும் ஒண்ணும் முடிஞ்சதில்ல." பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பெரிய மனுஷர்தான், போட்டுவிட்டு ஊதிக் காயவைத்தார். "இவங்க சர்டிஃபிகேட்?"

"ஒரு பிழை இருக்கு சார்" என்றார் பயிற்சியம்மா.

கொழுந்தியாளின் முகம் அப்போதுதான் வெளுத்தது. அதுவரை வெளுக்கவில்லை.

பயிற்சியம்மா குறிப்பின் கடைசிப் பக்கத்தை எடுத்தார். "வந்தவங்க முந்நூத்தி முப்பத்தேழுன்னு போட்டிருக்கே. என்னைச் சேர்த்தியா?"

"சேர்த்திருக்கேன்மா."

"சுவரோரம் நின்ன முப்பத்தொரு பேரை?"

"அவங்களையும் சேர்த்திருக்கேன்."

"உன்னை?"

தன்னை எண்ண வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"முப்பத்தஞ்சு வருஷத்துல நான் எழுதின குறிப்பு அலமாரி அலமாரியா இருக்கு" என்றார் பயிற்சியம்மா. "ஒண்ணுலகூட நான் இல்ல. இன்னைக்குத்தான் என்னை ஒருத்தி எண்ணியிருக்கா." ஏழின்மேல் கோடு போட்டு, பக்கத்தில் எட்டு என்று எழுதினார். அந்த எட்டை எழுத அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு உறையிலிருந்து சான்றிதழை எடுத்து, இயக்குநரின் மேஜையிலேயே வைத்து, தன் சின்னக் கையெழுத்தைப் போட்டார்.

நாங்கள் வெளியே வந்தோம். இயக்குநர் அறை வாசலில் அந்த மேஜை காலியாக இருந்தது. கொழுந்தியாள் அதைத் தொடவில்லை, பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒரு மேஜையைப் பார்த்து நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது அதுதான் முதல் தடவை. தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

"மீதி ரெண்டு வாரப் பாடம் இந்த மேஜையிலதான். திங்கட்கிழமை ஒம்போது மணிக்கு வந்துடு" என்றார் பயிற்சியம்மா.

"ஆபீஸ் ஒம்போதரைக்குத்தானேம்மா?"

"ஆபீஸ் வர்றது ஒம்போதரைக்கு. அது வரும்போது நீ இங்க இருக்கணும்."

அவள் நோட்டைத் திறந்து அதையும் குறித்துக்கொண்டாள்.